துருவக் கடல்களில் மூழ்கி வாழும் கடல்நாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்த ஆண்டுகளில், சுவாசமும் குருதிச் சுற்றோட்டமும் பற்றிய பகுதிக்கு வரும்போதெல்லாம் துருவக் கடல்களின் கடல்நாய்களைப் பற்றிப் பேசாமல் நான் அந்தப் பாடத்தை முடித்ததில்லை. வகுப்பில் தொடங்கிய பேச்சு வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மாணவர்களின் தகப்பன்மாரும் மாமன்மாரும் குருநகரிலும் பாசையூரிலும் சங்கு குளித்தவர்களாகவோ கடலட்டை பிடிக்கும் சுழியோடிகளாகவோ இருந்ததால், புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்விகள் திரும்பி வந்தன. மூச்சை அடக்கிக் கடலடியில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதை உடம்பால் அறிந்தவர்களின் கேள்விகள் அவை. அவற்றுள் பலமுறை கேட்கப்பட்டவற்றையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தருகிறேன்.

கடல்நாய் என்பது எந்த விலங்கு? நமது கடலில் உள்ள ஆவுளியாவுக்கு அது உறவா?

உறவு இல்லை. ஆவுளியா, கடற்பன்றி என்றெல்லாம் நாம் அழைக்கும் விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழும் தாவர உண்ணி. நிலத்தில் அதற்கு நெருங்கிய இனத்தவர் யானைகளே. சீல் என்றும் அழைக்கப்படும் கடல்நாய், நாயும் கரடியும் சேர்ந்திருக்கும் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. ஆகவே தமிழில் அதற்கு வழங்கும் பெயர் வகைப்பாட்டுக்கும் பொருந்தியே இருக்கிறது. குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் நீர்நாயும் அதே வரிசையைச் சேர்ந்ததுதான். எனினும் அது வேறு குடும்பம்.

கடல்நாயின் உறவான கடற்சிங்கத்துக்கு வெளியே தெரியும் சிறு காதுமடல் உண்டு. பின்துடுப்புகளை முன்னோக்கி மடித்துத் தரையில் நடக்கவும் அதனால் முடியும். உண்மைக் கடல்நாய்களுக்கு இவ்விரண்டும் இல்லை. தரையில் வயிற்றால் தவழ்ந்து இடர்ப்படும் அதே உடல், நீரில் இறங்கியதும் ஒரு வளைவு கூட வீணாகாத உடலாகிவிடுகிறது. இப்பக்கத்தில் பெரும்பாலும் உண்மைக் கடல்நாய்களைப் பற்றியே பேசுகிறேன்.

துருவக் கடல்களில் எந்தெந்த இனங்கள் வாழ்கின்றன?

தெற்கே, அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த கடற்பனியில் குட்டி ஈனும் இனங்கள் நான்கு: வெடல் கடல்நாய், நண்டுதின்னிக் கடல்நாய், சிறுத்தைக் கடல்நாய், ரோஸ் கடல்நாய். தென்யானைக் கடல்நாய் சற்று வடக்கே தென் ஜோர்ஜியா, கெர்கலன், மக்குவாரி போன்ற தீவுகளின் கரைகளில் ஈன்று, இரைக்காகப் பனி விளிம்பு வரை செல்கிறது. வடக்கே ஆட்டிக் பகுதியில் வளையக் கடல்நாய், தாடிக் கடல்நாய், முக்காட்டுக் கடல்நாய் முதலியனவும், தந்தம் நீண்ட வால்ரஸ்களும் உள்ளன.

வட அத்திலாந்திக்கின் பனியில் ஈனும் இன்னோர் இனத்தின் முதுகில், பழைய நரம்பிசைக் கருவியின் வளைவைப் போன்ற கரிய குறி ஒன்று இருக்கும். ஆங்கிலேயர் அதற்கு அந்தக் கருவியின் பெயரையே வைத்தார்கள். நான் அதை யாழ்க் கடல்நாய் என்றே வகுப்பில் சொல்லி வந்தேன். பெயரில் யாழைத் தாங்கிய ஊரில் அந்தப் பெயரை மாணவர்கள் ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை.

அவை எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் மூழ்குகின்றன?

பாக்குக் குடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. நமது சங்கு குளிப்பவர்கள் மூச்சை அடக்கி ஒன்று, ஒன்றரை நிமிடம் அடியில் நிற்பார்கள். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெடல் கடல்நாய் இரை தேடும்போது வழக்கமாக 100 முதல் 350 மீற்றர் வரை இறங்கி, 15 முதல் 20 நிமிடங்கள் கீழே இருக்கும். அது 600 மீற்றருக்கும் அப்பால் சென்றதும், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூழ்கியிருந்ததும் பதிவாகியுள்ளன. தென்யானைக் கடல்நாய் வழக்கமாகவே 400 முதல் 600 மீற்றர் வரை இறங்கி, 20 முதல் 30 நிமிடங்கள் தங்கிவிட்டு, மேலே இரண்டு மூன்று நிமிடம் மட்டும் மூச்செடுத்து மறுபடி இறங்கும். கடலில் இருக்கும் மாதங்களில் தன் நேரத்தில் ஏறக்குறைய 90 வீதத்தை அது நீருக்கடியிலேயே கழிக்கிறது. அதன் உச்சப் பதிவுகள் 2,000 மீற்றரைத் தாண்டியவை. நேரத்தில் இரண்டு மணித்தியாலத்தை எட்டியவை.

மாணவர்கள் உச்சப் பதிவுகளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு விலங்கின் வாழ்க்கையைச் சொல்பவை அதன் அன்றாட மூழ்கல்களே என்பது என் எண்ணம். நாளுக்கு நாற்பது, ஐம்பது தடவை, மாதக்கணக்காக, இரவும் பகலும் 500 மீற்றருக்கு இறங்கி ஏறுவது, ஒருமுறை 2,000 மீற்றருக்குப் போய் வருவதைவிடப் பெரிய செயல்.

பனிக்கு அடியில் நடப்பது எப்படித் தெரிய வந்தது?

1960களின் முற்பகுதியில் ஜெரால்ட் கூய்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தாட்டிக்காவின் மக்மேர்டோ குடாவில் செய்த வேலையிலிருந்து இது தொடங்குகிறது. சமையலறையில் நேரம் பார்க்கும் சாதாரண 60 நிமிட மணிக்கருவி ஒன்றை அவர் எடுத்தார். அதன் சுழற்சியால் கரிபூசிய கண்ணாடித் தட்டொன்று மெல்லத் திரும்ப, அமுக்கத்துக்கு ஏற்ப அசையும் ஊசி அத்தட்டில் கோடு கீறியது. நேரமும் ஆழமும் ஒரே தட்டில் பதிந்தன. வெடல் கடல்நாயின் முதுகில் பொருத்திய அந்த எளிய கருவிதான் இன்றைய மின்னணுப் பதிவுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் முன்னோடி.

கருவியைத் திரும்பப் பெறுவது எப்படி என்ற சிக்கலுக்கு அவர் கண்ட வழியை நான் இன்னும் வியந்து நினைப்பதுண்டு. வேறு வெடிப்போ துளையோ அருகில் இல்லாத இடத்தில் தடித்த பனியைத் துளைத்து, அந்தத் துளையினூடாகக் கடல்நாயை நீரில் விட்டார்கள். சென்றடையக்கூடிய தூரத்தில் மூச்செடுக்க வேறு இடம் இல்லாததால் அது அதே துளைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். 1966இல் வெளியான முடிவுகள், வெடல் கடல்நாய் 600 மீற்றர் ஆழத்தை எட்டுகிறது, 43 நிமிடங்கள் வரை மூழ்குகிறது என்று காட்டின. முலையூட்டி ஒன்று இப்படி மூழ்குவதை இயற்கையான கடலில், மூழ்கலுக்கு மூழ்கல் அளந்து காட்டிய முதல் முயற்சி அதுவே.

மூச்சை இவ்வளவு நேரம் அடக்குவது உடலால் எப்படி முடிகிறது?

சுழியோடி ஒருவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குகிறார். கடல்நாய் இறங்குமுன் மூச்சை வெளியே விட்டுவிடுகிறது. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் எவரும் முதலில் நம்புவதில்லை. ஒட்சிசனை அது நுரையீரலில் கொண்டுபோவதில்லை. குருதியிலும் தசையிலும் கொண்டுபோகிறது. வெடல் கடல்நாயின் ஒட்சிசன் இருப்பில் நுரையீரலின் பங்கு ஏறக்குறைய 5 வீதம் மட்டும். மூன்றில் இரண்டு பங்கு குருதியிலும், மீதி தசைகளிலும் இருக்கிறது. மொத்த இருப்பு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 87 மில்லிலீற்றர். மனிதனில் அது 20 மில்லிலீற்றர் அளவுதான்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? முதலாவது, குருதியின் அளவு: உடல் நிறையோடு ஒப்பிட்டால் மனிதனுக்கு இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு குருதி இதற்கு உண்டு. இரண்டாவது, மண்ணீரல். மேலே ஓய்ந்திருக்கும்போது ஒட்சிசன் நிறைந்த செங்குழியங்களை மண்ணீரல் சேமித்து வைக்கிறது. மூழ்கும்போது சுருங்கி அவற்றைச் சுற்றோட்டத்தில் விடுகிறது. மூன்றாவது, தசையில் உள்ள மயோகுளோபின். குருதியில் ஈமோகுளோபின் செய்யும் வேலையைத் தசைக்குள் செய்யும் இந்தப் புரதம், வெடல் கடல்நாயின் தசையில் மனிதத் தசையில் உள்ளதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு செறிந்திருக்கிறது. அதனால்தான் அதன் இறைச்சி கறுப்பு என்று சொல்லத்தக்க அளவுக்குக் கடுஞ்சிவப்பாகத் தெரியும். இவ்வளவு புரதம் ஓரிடத்தில் செறிந்தால் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். மிகச் சரியான கேள்வி. ஆழமாக மூழ்கும் முலையூட்டிகளின் மயோகுளோபின் மூலக்கூறுகளின் மேற்பரப்பில் நேரேற்றம் கூடுதலாக இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

இருப்பு ஒரு பக்கம்; செலவு மறுபக்கம். நீரில் இறங்கியதும் இதயத்துடிப்பு சரிகிறது. யானைக் கடல்நாய்களில் அது நிமிடத்துக்கு 10க்கும் கீழே இறங்குவது பதிவாகியுள்ளது. அதே வேளையில் தோல், சிறுநீரகம், குடல் போன்ற உறுப்புகளுக்குச் செல்லும் நாடிகள் சுருங்க, குருதி முதன்மையாக மூளைக்கும் இதயத்துக்கும் செல்கிறது. தசைகள் தம்மிடம் உள்ள மயோகுளோபின் இருப்பைக் கொண்டு தனியே சமாளிக்கின்றன. மூழ்கும் விலங்குகளின் இந்தச் சிக்கனத்தை ஆய்வுகூடத்தில் விரிவாக ஆராய்ந்து 1940இல் எழுதியவர் நோர்வே நாட்டு உடலியலாளர் பேர் ஷோலாண்டர்.

இறங்கும்போது அவை நீந்துவதும் குறைவு. ஆழம் கூடக் கூட உடலிலுள்ள காற்று அமுங்கி மிதப்புக் குறைய, துடுப்பை அசைக்காமல் நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டே இறங்கிவிடும். உடலில் கருவியோடு பொருத்திய ஒளிப்படக் கருவிகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

சிலிண்டர் கட்டி மூழ்கும் நமது சுழியோடிகளுக்கு வரும் வாதம் கடல்நாய்க்கு ஏன் வருவதில்லை?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அந்த நோயால் ஒரு கால் பலம் குறைந்த ஒருவர். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. சிலிண்டரிலிருந்து மூச்செடுப்பவர் அந்த அமுக்கத்திலுள்ள காற்றையே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே இழுப்பதால், காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைந்துகொண்டே போகிறது. அவர் வேகமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் அந்த நைதரசன் குமிழிகளாகி, மூட்டுகளையும் முண்ணாணையும் தாக்குகிறது. ஒரே நாளில் பல தடவை நெடுநேரம் மூழ்குவது இந்த ஆபத்தை அடுக்கடுக்காகக் கூட்டுகிறது.

கடல்நாய் மூச்சை வெளியே விட்டுவிட்டு இறங்குவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. ஏறக்குறைய 30 முதல் 50 மீற்றர் ஆழத்துக்குள் வெடல் கடல்நாயின் நுரையீரல் சிற்றறைகள் முற்றாக ஒடுங்கிவிடுகின்றன. எஞ்சிய சிறிதளவு காற்று, வாயு மாற்றம் நடக்காத தடித்த மூச்சுக்குழாய்களுக்குள் தள்ளப்படுகிறது. அதன்பின் 500 மீற்றர் போனாலும் குருதியில் நைதரசன் மேலும் கரைவதற்கு வழியில்லை. அதன் நெஞ்சுக்கூடு இவ்வாறு ஒடுங்கி மறுபடி விரியத் தகுந்தபடி நெகிழ்ச்சியாக அமைந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எவரும் மூச்சை வெளியே விட்டு மூழ்கிப் பார்க்க வேண்டாம். இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்சு வாங்கிக்கொள்வதும் ஆபத்தானதே. காபனீரொட்சைட்டு குறைந்து மூச்சுத் திணறும் உணர்வு வராமலே நீருக்குள் மயக்கம் வந்துவிடும். சிலிண்டருடன் மூழ்குபவர்கள் மெல்ல ஏறுவதையும், இடையிடையே தரிப்பதையும், மூட்டுவலியோ விறைப்போ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போவதையும் விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் அவை மூச்சின் எல்லை வரை போகின்றனவா?

இல்லை. சேமித்த ஒட்சிசனைக் கொண்டே முடிக்கக்கூடிய மூழ்கல் நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. வளர்ந்த வெடல் கடல்நாயில் அது ஏறக்குறைய 20 நிமிடம். அதற்கு மேல் போனால் தசைகள் ஒட்சிசன் இன்றி வேலை செய்து இலத்திக்கமிலத்தைச் சேர்க்கத் தொடங்கும். அதைக் கழிக்க மேலே நெடுநேரம் ஓய வேண்டும். 45 நிமிட மூழ்கல் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஓய்வு தேவைப்படுவது கண்டறியப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் மூன்று குறுகிய மூழ்கல்களை முடித்து மீன் பிடித்திருக்கலாம். ஆகவே மிகப் பெரும்பாலான மூழ்கல்கள் அந்த எல்லைக்குள்ளேயே முடிகின்றன. எல்லையைத் தாண்டும் நீண்ட மூழ்கல்கள், புதிய மூச்சுத்துளை தேடிப் பனிக்கடியில் தூரம் போகும்போது நிகழ்வனவாகவே பெரும்பாலும் இருக்கின்றன.

இதனால்தான் மூழ்கலையும் வாழிடத்தையும் நான் தனித்தனிப் பாடங்களாகக் கற்பித்ததில்லை. காற்று ஓரிடத்திலும் இரை வேறோரிடத்திலும் இருக்கும் விலங்கு இது. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அதன் ஒட்சிசன் இருப்பு அளக்கிறது.

பனியால் மூடிய கடலில் மூச்செடுக்கும் துளையை அவை எப்படிக் காக்கின்றன?

கரையோடு ஒட்டி உறைந்து அசையாமல் நிற்கும் பனி ஒரு வகை. காற்றோடும் நீரோட்டத்தோடும் பாளம் பாளமாக அலையும் மிதவைப் பனி இன்னொரு வகை. மிதவைப் பனியில் பாளங்களுக்கிடையே நீர் திறந்திருக்கும்; அங்கு வாழும் நண்டுதின்னிக் கடல்நாய்க்குத் துளை வேண்டியதில்லை. கரையொட்டிய பனியில் வாழ்வது தெற்கே வெடல் கடல்நாயும் வடக்கே வளையக் கடல்நாயும்.

வெடல் கடல்நாய், இயற்கையாக விழுந்த வெடிப்பொன்றைத் தேர்ந்து, கோரைப் பற்களாலும் வெட்டும் பற்களாலும் தலையை இருபுறமும் ஆட்டி ஆட்டி விளிம்பை அராவிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஓயாமல் செய்யவேண்டிய வேலை இது. நிறுத்தினால் துளை உறைந்து மூடிவிடும். வயதாகப் பற்கள் தேய்கின்றன. தேய்ந்த பற்களால் துளையைக் காக்கவும் முடியாது, இரையைப் பிடிக்கவும் முடியாது. அந்தாட்டிக்காவின் அத்தனை தெற்கே, பனிக்கரடி போன்ற தரை எதிரி எதுவும் இல்லாத இடத்தில் வாழ்வதற்கு அந்த விலங்கு கொடுக்கும் விலை அதன் பற்களே.

வளையக் கடல்நாய் உருவில் மிகச் சிறியது. ஒன்றரை மீற்றர் நீளமே இருக்கும். அது பற்களுக்குப் பதிலாக முன்துடுப்பின் வலிய நகங்களால் துளையைக் காக்கிறது. இரண்டு மீற்றர் தடித்த பனியிலும் அதன் துளைகள் உண்டு. சில துளைகளின் மேலே படிந்த வெண்பனிக் குவியலுக்குள் குகைபோன்ற அறையைக் குடைந்து, அதற்குள் குட்டியை ஈனுகிறது. பனிக்கரடியின் மூக்கிலிருந்தும் குளிரிலிருந்தும் குட்டிக்குக் கிடைக்கும் ஒரே காப்பு அந்த அறைதான்.

ஆழத்தின் இருட்டில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

கண்ணாலும் மீசையாலும். அவற்றின் பெரிய கண்கள் மங்கிய ஒளிக்குத் தகுந்தவை. தெளிந்த அந்தாட்டிக் நீரில் மேலேயுள்ள பனியினூடாக வரும் சிறிதளவு வெளிச்சமும் பயன்படுகிறது; அந்த வெளிச்சத்தைப் பின்னணியாக வைத்து, கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்து மீனின் நிழலைக் காணலாம். வெடல் கடல்நாய்களில் பொருத்திய ஒளிப்படக் கருவிகள் 1990களின் இறுதியில் இன்னொன்றையும் காட்டின: பனியின் அடிப்புறத்துப் பிளவுகளில் ஒளிந்திருக்கும் சிறு மீன்களின் மேல் மூக்கால் காற்றை ஊதி, குமிழிகளால் அவற்றை வெளியே விரட்டிப் பிடிக்கின்றன.

ஒளியே இல்லாத இடத்தில் மீசை வேலை செய்கிறது. நீந்திப் போன மீன் நீரில் விட்டுச்சென்ற மெல்லிய சுழல்களைக் கடல்நாயின் மீசை உணர்கிறது. கண்ணைக் கட்டிவிட்ட பழக்கப்பட்ட கடல்நாய்கள்கூட அத்தகைய தடத்தைத் தொடர்ந்து போனதை 2001இல் வெளியான ஆய்வு நிறுவியது.

ஏன் ஒவ்வோர் இனமும் ஒவ்வோர் ஆழத்தைத் தேர்ந்துகொள்கிறது?

இரை எங்கே இருக்கிறதோ அந்த ஆழமே அதன் ஆழம். அது நாளுக்குள்ளேயே மாறும்.

நண்டுதின்னிக் கடல்நாயின் பெயர் தவறானது. அது நண்டு தின்பதில்லை. நமது கரையில் கூனி இறாலைக் கண்டவர்களுக்குக் கிறில் என்ற அந்தாட்டிக் கூனியைப் புரியவைப்பது எளிது. அதன் உணவில் ஏறக்குறைய 90 வீதம் அதுவே. கிறில் கூட்டம் இரவில் மேற்பரப்பை நோக்கி எழுவதால், இந்தக் கடல்நாய் இரவெல்லாம் 100 மீற்றருக்கும் குறைந்த ஆழங்களில் சில நிமிட மூழ்கல்களாக அடுத்தடுத்து மூழ்கி, நண்பகலில் பனிப்பாளத்தில் ஏறிக் கிடக்கிறது. அதன் கடைவாய்ப் பற்கள் பல கிளைகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று பொருந்தி வலைபோல் நிற்க, நீரை வெளியே விட்டுக் கிறிலை உள்ளே தேக்கிக்கொள்கிறது. கண்ணி சிறிய வலையால் கூனி வடிப்பதற்கு இது வெகுவாக ஒத்தது. உலகில் எண்ணிக்கையில் மிகுந்த கடல்நாய் இனம் இதுவே.

சிறுத்தைக் கடல்நாய் பெரும்பாலும் மேல்நீரிலேயே வேட்டையாடுகிறது. பென்குயின்கள், பிற கடல்நாய்களின் குட்டிகள், கிறில் எல்லாம் அதற்கு உணவு. ரோஸ் கடல்நாயைப் பற்றி ஆய்வாளர்கள் முன்பு வேறுவிதமாக நினைத்திருந்தார்கள். அடர்ந்த பனிக்குள் மட்டும் வாழ்வது என்று கருதப்பட்ட அது, ஆண்டின் பெரும்பகுதியைப் பனிக்கு வடக்கே திறந்த கடலில் கழித்து, 100 முதல் 300 மீற்றர் ஆழத்தில் கணவாயும் மீனும் தேடுகிறது என்பது செய்மதிக் கருவி பொருத்திய பின்னரே தெரிந்தது.

தென்யானைக் கடல்நாயிலோ ஒரே இனத்துக்குள் ஆணும் பெண்ணும் வெவ்வேறு கடல்களைப் பயன்படுத்துகின்றன. கெர்கலன் தீவின் பெண் விலங்குகள் பெரும்பாலும் திறந்த ஆழ்கடலில், ஒளிரும் சிறு மீன்களைத் தொடர்ந்து பகலில் ஆழமாகவும் இரவில் மேலேயும் மூழ்குகின்றன. ஆண் விலங்குகளில் பல, கண்டத்திட்டு வரை சென்று அடித்தளத்தில் இரை தேடுகின்றன. பாரிய உடலைக் கட்டி வளர்க்க ஆணுக்கு வேறு இரையும், அதற்காக வேறு இடமும் தேவைப்படுகின்றன.

வடக்கே, தாடிக் கடல்நாயும் வால்ரஸும் ஆழமற்ற கண்டத்திட்டை விட்டுப் போவதில்லை. பெரும்பாலும் 100 மீற்றருக்குள், சேற்றடியில் உள்ள மட்டிகளையும் புழுக்களையும் நண்டுகளையும் அடர்ந்த மீசையால் தடவித் தேடுகின்றன. முக்காட்டுக் கடல்நாய் அதற்கு எதிர்மாறு; கிறீன்லாந்தைச் சூழ்ந்த ஆழ்நீரில் 1,000 மீற்றரையும் தாண்டி இறங்கக்கூடியது.

குளிரில் அவை விறைப்பதில்லையா?

துருவக் கடல்நீர் ஏறக்குறைய மறை 1.9 பாகை செல்சியஸில் உறைகிறது. அதற்குக் கீழே திரவ நீர் குளிர்வதில்லை. வெளியே காற்றோ மறை 40 பாகைக்கும் போகலாம். ஆகவே நடுக்குளிர்காலத்தில் வெடல் கடல்நாய்க்குக் கடல்தான் வெப்பமான இடம். அந்த மாதங்களில் அது பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுகிறது. தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படை உடல் வெப்பத்தைக் காக்கிறது.

மூழ்கும்போது தூங்குகின்றனவா?

யானைக் கடல்நாய்கள் தூங்குகின்றன. பசிபிக்கில் வாழும் வடயானைக் கடல்நாய்களின் மூளை அலைகளைக் கடலிலேயே பதிவு செய்த ஆய்வு 2023இல் வெளியானது. அவை ஆழத்துக்கு இறங்கும் வழியில் உறங்கிப்போய், தலைகீழாகிச் சருகுபோல் சுழன்று விழுகின்றன. பின் விழித்து மேலே நீந்துகின்றன. கடலில் இருக்கும் மாதங்களில் நாளொன்றுக்கு மொத்தம் இரண்டு மணி நேரத் தூக்கமே.

குட்டிகள் எப்போது மூழ்கப் பழகுகின்றன?

இனத்துக்கு இனம் வேறுபடும். வெடல் கடல்நாய்க் குட்டி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தாயுடன் நீரில் இறங்கும்; ஆறு ஏழு வாரம் பால் குடிக்கும். உடையும் பனிப்பாளத்தில் ஈனும் முக்காட்டுக் கடல்நாய்க்கு அவ்வளவு பொழுது இல்லை: கொழுப்பு மிகுந்த பாலை நான்கே நாள் ஊட்டிவிட்டுத் தாய் போய்விடுகிறது. முலையூட்டிகளிலேயே மிகக் குறுகிய பாலூட்டற் காலம் அதுதான். பிறந்தவுடன் எந்தக் குட்டிக்கும் தாயின் அளவு மயோகுளோபினும் குருதியும் இருப்பதில்லை. வளர வளரவே அவை கூடி, மூழ்கலும் நீள்கிறது.

கடற்பனி குறைவது அவற்றை எப்படிப் பாதிக்கிறது?

அந்தாட்டிக்காவைச் சுற்றிக் குளிர்கால முடிவில் ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீற்றர் கடல் உறைந்திருப்பது வழக்கம். இலங்கையைப் போல் 270 மடங்குக்கும் மேல். கோடையில் அது பெருமளவு உருகிவிடும். 2023 பெப்ரவரியில் அந்தக் கோடைகால அளவு 20 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் கீழே, அதுவரை செய்மதிகள் கண்டிராத அளவுக்கு இறங்கியது. ஆட்டிக்கில் இந்தக் குறைவு பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது.

வளையக் கடல்நாய்க்குப் பனி மட்டும் போதாது, அதன் மேல் போதிய ஆழத்துக்கு வெண்பனியும் படிய வேண்டும். மழையாகப் பெய்தாலோ வசந்தம் முந்தி வந்தாலோ அறையின் கூரை இடிந்து, பால் மறவாத குட்டி வெளியே கிடக்கிறது. யாழ்க் கடல்நாயும் முக்காட்டுக் கடல்நாயும் ஈனும் பாளங்கள் முன்னதாக உடைந்தால், நீந்தப் பழகாத குட்டிகள் நீரில் விழுகின்றன. 2025 ஒக்ரோபரில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் முக்காட்டுக் கடல்நாயை அருகிவரும் இனமாகவும், யாழ்க் கடல்நாயையும் தாடிக் கடல்நாயையும் அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களாகவும் தரம் மாற்றியதற்கு, கடற்பனியின் இழப்பே முதன்மையான காரணம். மூழ்கும் ஆற்றல் இங்கு உதவாது. எவ்வளவு ஆழம் போகத் தெரிந்தாலும் குட்டியை ஈனுவதற்கு அவற்றுக்கு ஒரு தரை வேண்டும். பனிதான் அந்தத் தரை.

அவற்றின் தலையில் கருவி ஒட்டுவது துன்புறுத்தல் இல்லையா? அதனால் நமக்கு என்ன பயன்?

கருவி, விலங்கை மயக்கிய நிலையில் தலைமயிரில் பசையால் ஒட்டப்படுகிறது, தோலைத் துளைப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை மயிர் உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும். பிடிக்கப்படும் வேளையில் விலங்குக்கு இடைஞ்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இடைஞ்சலுக்குக் கைம்மாறாகக் கிடைத்ததைப் பார்த்து ஒவ்வொருவரும் முடிவு செய்யட்டும்.

குளிர்காலத்தில் கப்பல்கள் நுழைய முடியாத பனிக்கடலுக்குள் கடல்நாய் தானாகப் போகிறது. ஒவ்வொரு மூழ்கலிலும் கருவி ஆழம், வெப்பநிலை, உவர்த்தன்மை மூன்றையும் அளந்து, விலங்கு மூச்செடுக்க மேலே வரும்போது செய்மதிக்கு அனுப்புகிறது. 2004 முதல் பல நாடுகள் சேர்ந்து இவ்வாறு திரட்டிய ஆழவரிசைப் பதிவுகள் 5 இலட்சத்துக்கும் மேல். கிழக்கு அந்தாட்டிக்காவின் டார்ன்லி முனைக்கு அருகே, காற்று வீசிப் பனியை ஓயாமல் தள்ளிக்கொண்டு போகும் ஒரு நீர்த்திறப்பில், உப்புச் செறிந்த கடுங்குளிர் நீர் உருவாகிக் கடலடிக்கு வழிந்திறங்குகிறது என்று 2013இல் உறுதிப்படுத்தப்பட்டபோது, யானைக் கடல்நாய்கள் அனுப்பிய தரவுகளும் அதற்குச் சான்றாயின. அந்தாட்டிக்காவைச் சுற்றி இவ்வாறு இறங்கும் நீர்தான் கடலடி வழியே வடக்கே ஊர்ந்து, இந்து சமுத்திரத்தின் ஆழ்தளத்தை நிரப்புகிறது.

இந்தத் தரவுகள் இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. கெர்கலன் தீவு யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 6,600 கிலோமீற்றர் தொலைவில், நமது சமுத்திரத்திலேயே இருக்கிறது. உயிரியல் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களிடம் நான் சொல்வது இது: அங்கிருந்து புறப்பட்ட ஒரு யானைக் கடல்நாயைத் தேர்ந்து, அதன் ஒரு நாள் மூழ்கல்களை மட்டும் எடுத்து, வரைபுத்தாளில் ஆழத்தைக் கீழ்நோக்கியும் நேரத்தைக் குறுக்காகவும் குறியுங்கள். பகலுக்கும் இரவுக்கும் இடையே கோடு எங்கே மேலேறுகிறது என்று பாருங்கள். இரையின் ஏற்ற இறக்கம் அந்தக் கோட்டில் தெரியும்.